ஆயுத பூஜையிலிருந்து மார்கழி வரை

போன வாரம் கார்த்திக் போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவர். மயிலாப்பூரில் நான் இருபது வருடத்துக்கும் மேலாகக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கு இது வெள்ளி விழா ஆண்டாம். மலர் போடுகிறார்களாம்.

"மேடம், இப்ப எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திட்டோம். பழைய சர்வர் ரூமைக் காலி பண்றோம். அதனால நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும். அந்த மார்கழி மாசம் சர்வர் படுத்துச்சே, அன்னைக்கே எழுப்பிட்டீங்களே, அதைப் பத்தி. தலைப்புகூட டைரக்டர் சார் சொல்லிட்டார்."

"என்ன தலைப்பு?"

"'ஒரு துளித் தகவலும் இழக்காத பயணம்.'"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கார்த்திக் மேல் கோபமில்லை, பாவம், அவர் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்திருப்பார். தலைப்பு சொன்ன மகானை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அவர் ஜெனரல் மேனேஜர், எல்லாருக்கும் ஜி.எம். இன்று டைரக்டர். "எழுதித் தரேன் கார்த்திக், ஆனா நடந்ததைத்தான் எழுதுவேன்" என்றேன். இதோ எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தேன். கணிதத்தில் பட்டம். பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடை மாடியில் மாலை வேளைக் கம்ப்யூட்டர் வகுப்பு. பிறகு ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். அங்கே தினமும் பக்தி சிரத்தையாக டேப்பில் நகல் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுவோம். ஒருநாள் தேவைப்பட்டு எடுத்துப் போட்டால் டேப் வெறும் டேப். மாதக்கணக்கில் ஒன்றுமே பதிவாகியிருக்கவில்லை. ஆடிட்டர் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு வெறி. எந்த நகலையும் திரும்பப் போட்டுப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது நகல். மற்றதெல்லாம் நம்பிக்கை. நம்பிக்கை வைக்கக் கோயில் இருக்கிறது, கபாலியிடம் வைத்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரியில் எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தெரியாதவர்களுக்கும் புரியும், ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. தரைத்தளத்தில் சர்வர். நோயாளிகளின் விவரம் முழுக்க அதில். இரண்டாவது மாடியில், பழைய எக்ஸ்ரே அறையில், இன்னொரு கம்ப்யூட்டர். நடுவே கேபிள். சர்வர் தன்னிடம் உள்ளதைத் தினமும் நகலெடுத்து மாடிக்கு அனுப்பும். சர்வருக்குள் அதற்கென்று ஒரு ஃபோல்டர் உண்டு. பார்க்க ஃபோல்டர், ஆனால் அது மாடி அறைக்குப் போகும் வாசல். சர்வர் எழுந்திருக்கும் நேரத்தில் மாடிக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் வாசல் திறக்கும். மாடியில் உள்ளது அணைந்திருந்தால் வாசல் கிடையாது, வெறும் ஃபோல்டர்தான் மிச்சம். அப்போதும் நகல் நடக்கும். 'வெற்றி' என்று மெயிலும் வரும். ஆனால் நகல் விழுவது மாடியில் இல்லை, சர்வரின் சொந்த வயிற்றில். டூப்ளிகேட் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவது போல.

அதனால் எப்போது அணைத்தாலும் மாடியில் உள்ளதை முதலில் ஆன் செய்ய வேண்டும். அது முழுதாக எழுந்த பிறகுதான் சர்வர். இதைப் பெரிய எழுத்தில் எழுதி சர்வர் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். நகலெடுக்கும் மென்பொருளை விற்ற கம்பெனியிடம் பேசி இந்த ஓட்டையையே அடைத்துவிடலாம் என்று ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னேன். மாதம் ஒருமுறை நகலைத் திரும்பப் போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றும் கேட்டேன்.

ஜி.எம். குரல் உயர்த்த மாட்டார். அதுதான் அவரிடம் உள்ள பயங்கரம். மேஜையில் பேனாக்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நாம் பேசப் பேச அவற்றை இன்னும் நேராக்குவார். முழுவதும் கேட்பார். பிறகு மணியை அடித்து, "மேடத்துக்கு ஒரு காபி" என்பார். காபி வந்தால் காரியம் ஆகாது என்று அர்த்தம். ஆஸ்பத்திரி முழுக்க அது தெரியும். ஒருவர் அவர் அறையிலிருந்து வெளியே வந்தால், "என்னாச்சு?" என்று யாரும் கேட்பதில்லை, "காபியா?" என்றுதான் கேட்போம்.

"ஓடற வண்டியை எதுக்கு மேடம் நோண்டணும்? மெயில் வருது இல்ல? சக்சஸ்னு வருது இல்ல? பாசிட்டிவா இருங்க" என்றார். எனக்குக் காபி வந்தது.

அந்த வருடம் அடையாறில் கிளை திறந்தார்கள். என்னை அங்கே அனுப்பினார்கள். மயிலாப்பூரில் தினசரி மேற்பார்வையை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியிடம் கொடுத்தார்கள். அவர்கள் செய்த மேற்பார்வை, மெயில் வந்ததா என்று பார்ப்பது.

ஆயுத பூஜை வந்தது. ஸ்டெதஸ்கோப்பிலிருந்து ஆம்புலன்ஸ் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். சர்வரையும் மாடிக் கம்ப்யூட்டரையும் கொஞ்ச நேரம் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து, பிறகு ஆன் செய்வோம். அதில் எனக்கு ஆட்சேபமே கிடையாது. வருடாவருடம் பொட்டு வைத்தவளே நான்தான். அந்த வருடம் நான் அடையாறில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். இங்கே அலமாரியைத் துடைத்தவர்கள், பூஜைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று என் தாளைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். கற்பூரம் காட்டி முடிந்ததும் ஜி.எம். சொன்னாராம்: "பெரியவர் முதல்ல எழுந்திருக்கட்டும். ராகு காலம் வர்றதுக்குள்ள சர்வரைப் போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

பக்கத்தில் தட்டு ஏந்தி நின்ற சிஸ்டர் ஸ்டெல்லா பின்னால் என்னிடம் சொன்னது இது. பெரியவருக்கு முதல் மரியாதை! கல்யாணப் பந்தியா நடக்கிறது அங்கே? சர்வர் எழுந்தது, மாடியில் ஆளில்லை, வாசல் மூடிக்கொண்டது. அப்புறம் மாடியில் உள்ளதையும் ஆன் செய்தார்கள். அதில் பச்சை விளக்கு அழகாக மினுக்கியது. ஒரு ஃபைல்கூட அதற்குப் போகவில்லை. சர்வர் நாள் தவறாமல் தன் நகலைத் தானே விழுங்கியது. நாள் தவறாமல் 'வெற்றி' என்று மெயில் வந்தது.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை, புறநோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே, சர்வர் டிஸ்க் நிரம்பி, வயிறு புடைத்து நின்றுவிட்டது. தகவல் வந்ததும் ஆட்டோவில் ஏறினேன். அடையாறு பாலத்தில் போகும்போதே ஜி.எம்.மைக் கூப்பிட்டு, "நான் வர்ற வரைக்கும் சர்வர்ல யாரும் கை வைக்கக் கூடாது சார்" என்றேன். "நிதானமா வாங்க மேடம்" என்றார்.

நேராக இரண்டாவது மாடிக்குத்தான் ஓடினேன். திரும்பப் போடுவதற்கு முன் நகல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது என் முறை. ஃபைல்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினேன். கடைசி ஃபைல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் மேல் காய்ந்த சந்தனம் மட்டும் அப்படியே இருந்தது. என்ன நடந்திருக்கும் என்று உடனே விளங்கியது. மற்ற நகல்கள் எல்லாம் கீழே, செத்துக் கிடக்கிற சர்வரின் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கின்றன. அந்த டிஸ்க்தான் இப்போது பொக்கிஷம். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினேன்.

கீழே ஜி.எம். நின்றிருந்தார். கான்ட்ராக்ட் கம்பெனி ஆள் சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"ஃபார்மட் பண்ணிட்டேன் மேடம், க்ளீனா இருக்கு. இப்ப மாடியில இருந்து எடுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றான், பாராட்டை எதிர்பார்த்து.

ஆனாலும் வழி இருந்தது. ஃபார்மட் செய்தாலும் அதன் மேல் வேறு எதையும் எழுதாத வரை உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்க முடியும். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

"சார், இதுமேல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. ஆயுத பூஜையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் உள்ளது இதுல மட்டும்தான் இருக்கு. இந்த டிஸ்க்கைக் கழட்டி என்கிட்ட கொடுங்க. ரிச்சி தெருவுல புது டிஸ்க் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. பழைய நகலை அதுல போட்டு ஓட்டலாம். மத்தியானத்துக்குள்ள ஓடும்."

"சேர்மன் பதினோரு மணிக்கு ரவுண்ட்ஸ் வர்றார் மேடம்."

"வரட்டும் சார்! நோயாளிங்களுக்கு என்ன மருந்து கொடுத்தாங்க, என்ன ஒத்துக்கலை, எல்லாம் இதுல இருக்கு சார்!"

அவர் என்னைப் பார்த்து இதமாகச் சிரித்தார். வாசலில் நின்ற ஊழியரிடம், "மேடம் ஓடி வந்திருக்காங்க. ஒரு காபி கொண்டு வாப்பா" என்றார். கான்ட்ராக்ட் ஆளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் பட்டனை அழுத்தினான். பழைய நகல் அந்த டிஸ்க்கின் மேலேயே ஏறத் தொடங்கியது. நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். இருவர் என்னைப் பிடித்து விலக்கினார்கள். அலங்காரமாக எழுத விரும்பவில்லை, நான் அங்கே நின்று கத்தினேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

பதினோரு மணிக்குச் சேர்மன் வந்தார். எல்லாத் திரையும் ஓடிக்கொண்டிருந்தது. "வெல்டன்" என்று ஜி.எம். கையைக் குலுக்கினார். மலரில் எழுதச் சொல்கிறார்களே, அந்தச் சாதனை இதுதான்.

பில்களை எல்லாம் ஒரு வாரத்தில் மறுபடி ஏற்றிவிட்டார்கள். அக்கவுன்ட்ஸ் பகுதியில் காகித நகல் இருந்தது. நோயாளியின் உடம்பைப் பற்றி எழுதியதற்குக் காகிதம் இல்லை. அந்த வருடம்தான் 'காகிதமில்லா மருத்துவமனை' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள்.

"இந்த நடுவுல வந்த ஒவ்வொருத்தரையும் போன்ல கூப்பிட்டுக் கேப்போம் சார், நம்பர் பில்லுல இருக்கு" என்றேன். "பயந்துடுவாங்க மேடம்" என்றார். நர்ஸ்கள் உட்காரும் இடங்களில் எல்லாம், 'ஆயுத பூஜைக்குப் பிறகு எழுதியது கம்ப்யூட்டரில் இல்லை, நோயாளியையே கேளுங்கள்' என்று எழுதி ஒட்டினேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கிழித்திருந்தார்கள். நானே பில்லைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தேன். நாலைந்து பேரிடம் பேசியிருப்பேன். அதற்குள் எனக்குப் பில் பகுதி திறக்காமல் செய்துவிட்டார்கள். அடையாறுக்கே திரும்பிப் போகச் சொன்னார்கள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் ஸ்டெல்லா போன் செய்தார். அழுதுகொண்டே பேசினார். ஓடினேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போட்டிருக்கும் வசந்தா. உள்ளே அவள் மகள் ரோஷினி, பத்து வயது. ஐப்பசியில் ஒரு காய்ச்சலுக்கு வந்தபோது ஒரு ஊசி போட்டு, அது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு திணறிப் பிழைத்திருக்கிறாள். இந்த மருந்து இவளுக்கு ஆகவே ஆகாது என்று அன்று கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் ஏற்றினார்கள். அந்தச் சிவப்பு எழுத்தைத்தான் நாங்கள் அழித்திருந்தோம். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இரண்டு வருடம் முன்பு அதே ஊசி அவளுக்குப் பிரச்சினையில்லாமல் போடப்பட்டதாக ஒரு பதிவு இருந்தது. அது பழைய நகலில் பத்திரமாக இருந்தது. மறுபடி காய்ச்சலோடு வந்தபோது டாக்டர் பார்த்தது அதை. ஏற்கனவே ஒத்துக்கொண்ட மருந்துதானே என்று நேராக ஏற்றிவிட்டார்கள்.

"அவங்க கேட்டாங்களா உன்னை?" என்றேன்.

"கேட்டாங்கம்மா. எதுனா ஒத்துக்காதான்னு நர்ஸம்மா கேட்டுச்சு. எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல கீதேன்னேன். போன தபா நான் பேப்பர்ல எழுதிக் குடுங்கன்னு கேட்டதுக்கு, அதெல்லாம் வாணாம்மா, இதுல ஏத்தியாச்சு, பேரச் சொன்னா போதும், அப்பிடியே வந்துரும்னாங்க. நானும் பேரத்தாம்மா சொன்னேன். வரலியா?"

வரலியா என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். ஜி.எம். பேனாக்களை நேராக்கிக்கொண்டு, "தாயாரைக் கேட்டிருக்கோம். அவங்க சொல்லலை. தப்பு நம்ம பக்கம் இல்லை" என்றார். நான் எழுந்தேன். "சொன்னாங்க சார். கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னாங்க. நம்ம சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னாங்க. அதை அழிச்சது நீங்க" என்றேன். அவர் கை மணியை நோக்கிப் போனது. "காபி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நேராக வசந்தாவிடம் போய் நடந்தது முழுவதையும் சொன்னேன். வாசல், ஃபோல்டர் எதுவும் அவளுக்கு வேண்டியதில்லை. "ஒரு விஷயத்தை ரெண்டு எடத்துல எழுதி வைக்கணும் வசந்தா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். உன் பொண்ணு விஷயம் ஒரே எடத்துலதான் இருந்துச்சு. அதையும் இவங்க அழிச்சுட்டாங்க" என்றேன்.

அவள் எழுந்து, புடவையை உதறிச் செருகிக்கொண்டு, ஜி.எம். அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். அந்த மனுஷன் அவளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், "உக்காருங்கம்மா, முதல்ல ஒரு காபி..." என்றார்.

"காபியா? இன்னாய்யா, எம்பொண்ணு தொண்டையில ஓட்ட போட்டு மூச்சு வுட்டுக்கினு கீறா, நீ எனக்குக் காபி குடுக்குறியா? உன் வூட்டுப் பொண்ணுன்னா அழிப்பியா? சொல்லுய்யா, அழிப்பியா?"

வரவேற்பறை வரை கேட்டது. அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட ஒரே நேர்மையான நிர்வாகக் கூட்டம் அதுதான்.

ரோஷினி பிழைத்தாள். கழுத்தில் தழும்பு, குரல் கம்மல். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அடையாறிலேயே இருந்தேன். ஜி.எம். டைரக்டர் ஆனார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மீன் வாங்குவது வசந்தாவிடம்தான். ரோஷினி எந்த டாக்டரிடம் போனாலும், பல் வலிக்குப் போனாலும், கூடவே போய் அந்த மருந்தின் பெயரை வசந்தா சொல்லிவிடுவாள். அந்த ஒரு ஆங்கில வார்த்தையை மந்திரம் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

கார்த்திக் போன் செய்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். கடையில் தாயும் மகளும் இருந்தார்கள். ரோஷினி ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டல்.

"யக்கா, இங்க வா, ஒண்ணு காட்டணும்" என்றாள் வசந்தா. மீன் செதிலைக் கழுவிவிட்டுக் கையைத் துடைத்து நீட்டினாள். முன்கையில் புதிதாகப் பச்சை குத்தியிருந்தது. தோல் இன்னும் சிவந்திருந்தது. அந்த மருந்தின் பெயர், ஆங்கிலத்தில், கீழே சின்னதாய் ஒரு பெருக்கல் குறி. "ஏய், நீயும் காட்டுடி" என்றாள். ரோஷினி சட்டைக் கையை ஏற்றினாள். அவள் கையிலும் அதே.

"நான் கூட இல்லாத ஊருக்குப் போறாளேக்கா. மயங்கிக் கியங்கி வுழுந்துட்டா யாரு சொல்லுவா? அதான் பாண்டி பஜாருக்கு இட்டுக்கினு போய் மெஷின்ல குத்திக்கினு வந்தேன். ரெண்டு எடத்துல இருக்கணும்னு நீதானக்கா சொன்ன? அவ கையில ஒண்ணு, என் கையில ஒண்ணு."

பதினேழு வயதுப் பெண்ணின் கை. நாங்கள் செய்ய வேண்டிய வேலை அவள் தோலில் எழுதியிருந்தது.

"இவ கரெக்ட்டா கீதுன்றா. இருந்தாலும் நீ ஒரு தபா பாத்துடுக்கா. தப்பா கிப்பா குத்தியிருந்தா இப்பவே மாத்திரலாம்."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று என்று விரல் வைத்து ஒப்பிட்டேன். இதற்குத்தான் மாதத்துக்கு ஒரு மணி நேரம் கேட்டேன், டைரக்டர் சார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சரியா இருக்கு வசந்தா" என்றேன்.